பென்ஷன்தான் வந்துடுச்சே, இன்னும் என்ன?

ரொம்ப நாளா பாதி எழுதி அப்படியே போட்டு வச்சிருந்த பதிவு இது. கொஞ்சம் நீளம். காபி கையில இருந்தா நல்லது.

2009-ல மோகன்லாலுக்கு டெரிடோரியல் ஆர்மியில கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்தாங்க, ஞாபகம் இருக்கலாம். திருவனந்தபுரத்துக்காரர், ஊரே கொண்டாடுச்சு. அதுக்கு முந்தின வருஷம் கபில்தேவ், 2011-ல தோனி. லாலேட்டன் மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது (அவர் படம் வந்தா இங்கயும் முதல் நாளே போற கூட்டம்தான் நாங்க). நான் சொல்ல வர்றது வேற. அரசாங்கம் மனசு வச்சா, ஒரு நாள்கூட பாரக்ஸ்ல படுத்து எழுந்திருக்காத ஒருத்தருக்கும் ரேங்க் கொடுக்க முடியும். அதே ஊர்ல, பாங்கோடு ராணுவ முகாம்லேர்ந்து கூப்பிடு தூரத்துல இருக்கிற ஒரு மனுஷர், தன்கிட்ட இருந்து எடுத்த ரேங்கைத் திருப்பிக் கொடுங்கன்னு வருஷக்கணக்கா மனு போட்டுட்டு இருக்கார். அதுக்கு மட்டும் வழி இல்லையாம்.

பேர் வேண்டாம். நாகர்கோவில் பக்கத்துக்காரர், பட்டாளத்துல சேர்ந்து, ரிட்டையர் ஆகி, திருவனந்தபுரத்துல வீடு கட்டி உட்கார்ந்தவர். எங்க அப்பாவுக்குச் சிநேகிதர், எனக்கு மாமா. அவர் மகன் என்கூடப் படிச்சவன், இப்ப துபாயில இருக்கான். மாமா ஹவில்தாரா இருந்தவர். ஒரு கஷ்டமான போஸ்டிங் முடிஞ்சு லீவுல வந்தவர் திரும்பிப் போகலை. தேடிப் பிடிச்சு அனுப்பினாங்க. மறுபடி அதே. நடுவுல குடி. யூனிட்ல ஒரு மேலதிகாரிகிட்ட கத்தினது. சம்மரி கோர்ட் மார்ஷல் நடந்து, ஹவில்தாரைச் சிப்பாயா இறக்கினாங்க. கையில இருந்த மூணு பட்டையும் போச்சு. அதுக்கு ஒரு வருஷம் கழிச்சுத்தான், தூங்காம ராத்திரி முழுக்க நடந்துட்டே இருக்கிறவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. அங்க டாக்டர் தீவிர மனச்சோர்வுன்னு எழுதி, இது ரெண்டு மூணு வருஷமாவே இருந்திருக்கணும்னு குறிப்பும் போட்டார். அப்புறம் மெடிக்கல் கேட்டகரி இறங்கி, வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

அந்தக் குறிப்போட தேதியையும் கோர்ட் மார்ஷல் தேதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. நோய் முதல்ல வந்திருக்கு, அதுக்கப்புறம் தண்டனை, கடைசியா நோயோட பேர். இந்த வரிசைதான் மாமாவோட மொத்த வழக்கும்.

பல வருஷம் அலைஞ்சு டிஸெபிலிட்டி பென்ஷன் வாங்கிட்டார். மகன் சந்தோஷமா போன் பண்ணான், "முடிஞ்சுதுடா". முடியலை. மறு மாசமே மாமா அடுத்த மனுவை எழுத ஆரம்பிச்சுட்டார். பிள்ளைக்குக் கோபம். "பென்ஷன் வருது, நானும் அனுப்பறேன், இன்னும் என்னதான் வேணுமாம்? நீயாவது பேசிப் பாரேன்"னு என்கிட்ட சொன்னான். பேசினேன். மாமா சொன்னது ஒரே வரிதான்: "மக்கா, பைசா எனக்கு வேண்டாம். அந்த மூணு பட்டையைத் திருப்பித் தரச் சொல்லு."

இதைக் கிழவனோட பிடிவாதம்னு ஒதுக்க எனக்கு மனசு வரலை. அதனால கொஞ்சம் படிச்சேன். படிச்சதுல தெரிஞ்சதையும் எனக்குத் தோணினதையும் எழுதறேன். நான் வக்கீல் இல்லை, பொட்டி தட்டறவன். அதை மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க.

காசு விஷயத்துல நம்ம கோர்ட்டுகள் நல்லாவே மாறியிருக்கு, அதைச் சொல்லியாகணும். பட்டாளத்துல சேரும்போது உடம்பு மனசு எல்லாம் சோதிச்சுத்தான் எடுக்கறாங்க. அப்ப ஒரு குறையும் எழுதலைன்னா, பின்னாடி வந்த நோய் சர்வீஸ்னால வந்ததுன்னுதான் முதல்ல எடுத்துக்கணும், இல்லைன்னு நிரூபிக்கிற பொறுப்பு அரசாங்கத்தோடதுன்னு 2013-ல தரம்வீர் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதே வருஷம் வீர்பால் சிங் வழக்கு. 1972-ல சிக்னல்ஸ்ல சேர்ந்தவர், மனச்சிதைவு நோய்னு எழுதி 1977-ல வெளிய அனுப்பப்பட்டவர். நீதிபதிகள் மருத்துவப் புத்தகங்களை எல்லாம் எடுத்து வச்சு மனச்சிதைவுன்னா என்னன்னு படிச்சுப் பார்த்துட்டு, இவரை மறுபடி ஒரு மெடிக்கல் போர்டு முன்னாடி அனுப்புங்கன்னு உத்தரவு போட்டாங்க. வெளிய அனுப்பி 36 வருஷம் கழிச்சு! 2025 மே மாசம் ராஜுமோன் வழக்கு, இதுவும் மனச்சிதைவுன்னு சொல்லி அனுப்பப்பட்ட சிப்பாயோடதுதான். மெடிக்கல் போர்டு காரணம் எழுதாம 'சர்வீஸுக்கும் நோய்க்கும் சம்பந்தம் இல்லை'ன்னு ஒத்தை வரி போட்டு பென்ஷனை மறுக்க முடியாதுன்னு ஆச்சு.

ஆக பென்ஷன் கேட்டா சட்டம் காது கொடுக்குது. ரேங்க் கேட்டா?

இங்கதான் 2008-ல வந்த தர்சேம் சிங் தீர்ப்பு வருது. மாமாவோட வக்கீல் அவர் முன்னாடி எடுத்துப் போட்டது இதைத்தான். தர்சேம் சிங்கும் பட்டாளத்துக்காரர்தான். 1983-ல உடம்பு சரியில்லைன்னு வெளிய அனுப்பப்பட்டவர், 1999-லதான் கோர்ட்டுக்குப் போனார். உச்ச நீதிமன்றம் என்ன சொல்லுச்சுன்னா, பென்ஷன் மாசாமாசம் கிடைக்க வேண்டியது, அது குறைஞ்சா மாசாமாசம் தப்பு நடக்குது, அதனால லேட்டா வந்தாலும் கேட்கலாம், பாக்கித் தொகை மட்டும் மூணு வருஷத்துக்குத்தான். ஆனா சீனியாரிட்டி, பிரமோஷன் மாதிரி விஷயம்னா கதை வேற. அதுல மத்தவங்க உரிமை பாதிக்கும். இத்தனை வருஷம் கழிச்சு ஒருத்தரை மேல ஏத்தினா, நடுவுல மேல வந்தவங்க என்ன ஆறது? அதனால லேட்டா வந்தா கேட்க மாட்டோம்.

நியாயமான பேச்சுதான். சர்வீஸ்ல இருக்கிறவங்களுக்கு. ஆனா எழுபது வயசை நெருங்கற, என்னிக்கோ ரிட்டையர் ஆன ஒருத்தருக்கு ஹவில்தார்ங்கற பேரைத் திருப்பிக் கொடுத்தா யாரோட சீனியாரிட்டி கெட்டுப் போகும்? அவருக்குக் கீழ இருந்தவங்களும் இப்ப பேரன் பேத்தியோட உட்கார்ந்திருக்காங்க. அவர் நாளைக்குக் காலையில பரேடுக்குப் போய் யாருக்கும் உத்தரவு போடப் போறதில்லை. 'மூணாவது ஆள்'னு ஒருத்தரே இல்லாத இடத்துல அந்த மூணாவது ஆளுக்காகக் கதவைச் சாத்தறது எனக்குப் புரியலை. இன்னொண்ணு, அவர் கேட்கறது பிரமோஷன் இல்லை. உழைச்சு வாங்கி, நோயில இருந்தப்ப எடுக்கப்பட்டதை.

ரிட்டையர் ஆனவருக்கு எப்படி ரேங்க் கொடுக்கறதுன்னு கேட்கறவங்களுக்கு: கொடுக்கறாங்களே! நல்லபடியா முடிச்ச ஹவில்தார்களுக்கு ரிட்டையர் ஆகும்போது கௌரவ நாயிப் சுபேதார். சுதந்திர தினம், குடியரசு தினம் வந்தா ஜேசிஓ-க்களுக்குக் கௌரவ லெப்டினன்ட், கௌரவ கேப்டன் பட்டியல் வருது. அந்த அட்டையைக் கண்ணாடி போட்டுக் கூடத்துல மாட்டியிருக்கிற வீடுகள் திருவனந்தபுரத்துலயும் கன்னியாகுமரி மாவட்டத்துலயும் எத்தனை!

ரேங்க்ன்னா வெறும் பேர்தானே, அதுக்கு ஏன் இவ்வளவுன்னு நம்ம பிள்ளைங்க கேட்கும். முதல்ல, வெறும் பேர் இல்லை. ஒரே ரேங்க் ஒரே பென்ஷன் 2014 ஜூலைலேர்ந்து கணக்கு. ரேங்கும் சர்வீஸ் வருஷமும் வச்சுத்தான் தொகை. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தரம் திருத்தும்போதெல்லாம் சிப்பாய்க்கும் ஹவில்தாருக்கும் இருக்கிற வித்தியாசம் கூடவே வரும், மாமாவுக்கு அப்புறம் மாமிக்கும் வரும். ரெண்டாவது, பட்டாளக்காரங்க உலகத்துல பேருக்கு முன்னாடி ரேங்க்தான். ஈசிஎச்எஸ் ஆஸ்பத்திரிக் கார்டுல அது. முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக் கூட்டத்துல அது. கல்யாணப் பத்திரிகையில அது. நம்ம ஆளுங்க 'சீனியர் மேனேஜர்'னு விசிட்டிங் கார்டு அடிச்சுக்கறதுக்குப் பண்ற அலட்டலைப் பார்த்தவன் நான். பட்டாளக்காரரை மட்டும் "பேர்ல என்ன இருக்கு"ன்னு கேட்க நமக்கு யோக்கியதை இல்லை :-)

இப்ப எதிர்த் தரப்பு. அதையும் பார்த்துடணும். பட்டாளம் கட்டுப்பாட்டுல ஓடற இடம். ஒருத்தர் லீவ் முடிஞ்சு வரலைன்னா அவர் நிக்க வேண்டிய காவல்ல வேற ஒருத்தர் ரெட்டை டியூட்டி நின்னிருப்பார். குடிச்சவன் எல்லாரும் நோயாளி இல்லை. எல்லாத் தண்டனையையும் பின்னாடி வந்து 'மனசு சரியில்லை'ன்னு அழிச்சுட்டே போனா நாளைக்கு எந்த கமாண்டிங் ஆபீசர் எதைக் கேட்க முடியும்? இது வெத்து வாதம் இல்லை. மாமாவே ஒத்துக்குவார், அவரும் ஆள் மேய்ச்சவர்தானே.

ஆனா அந்தத் தண்டனை எப்படி முடிவாகுதுன்னும் பாருங்க. சம்மரி கோர்ட் மார்ஷல்ல கமாண்டிங் ஆபீசர் ஒருத்தரேதான் கோர்ட். மனநோய் சந்தேகம்னு ஒரு ஜவானை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா, ஏ.எப்.எம்.எஸ்.எப்.-10ன்னு ஒரு படிவம் இருக்கு. ஆள் எப்படி நடந்துக்கறான், வேலை எப்படின்னு யூனிட் தரப்புலேர்ந்து கமாண்டிங் ஆபீசர்தான் எழுதணும். லீவு தாண்டறது, குடி, எரிஞ்சு விழறது இதெல்லாம் அந்தப் படிவத்துல எழுதினா அறிகுறி, சார்ஜ் ஷீட்ல எழுதினா குற்றம். எதை முதல்ல எடுக்கறாருங்கறதுல ஒருத்தரோட வாழ்க்கை இருக்கு. மாமா விஷயத்துல சார்ஜ் ஷீட் முதல்ல வந்தது. அந்த ஆபீசரைக் கெட்டவர்னு நான் சொல்லலை. அவருக்கு அது ஒழுங்கீனமாத்தான் தெரிஞ்சிருக்கும். டாக்டர் சொல்ற வரைக்கும் மாமிக்கே அப்படித்தான் தெரிஞ்சது.

சட்டத்துல இதுக்கு வெளிச்சம் வந்தது ராணுவத்துலேர்ந்து இல்லை, சிஆர்பிஎஃப்லேர்ந்து. ரவீந்தர் குமார் தாரிவால், அசிஸ்டென்ட் கமாண்டன்ட். 2001-ல சேர்ந்தவர், 2009-ல ஓசிடியும் மனச்சோர்வும் இருக்குன்னு தெரிஞ்சது, 2010-லேர்ந்து அவர் மேல ஒழுங்கு நடவடிக்கை மேல ஒழுங்கு நடவடிக்கை. 2021 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லுச்சு. நடந்துக்கிட்டதுக்கு மனநோய்தான் ஒரே காரணம்னு அவர் நிரூபிக்க வேண்டியதில்லை, காரணங்கள்ல ஒண்ணா இருந்தாலே போதும், அப்படி இருக்கும்போது நடவடிக்கை எடுக்கறது பாகுபாடுன்னு சொல்லிட்டாங்க. அந்த வேலைக்கு அவர் சரிப்படலைன்னா வேற வேலை கொடுங்க, துப்பாக்கி இல்லாத வேலையா இருக்கட்டும், ஆனா சம்பளமும் சலுகையும் குறையக் கூடாதுன்னும் சொன்னாங்க. துப்பாக்கி விஷயத்துல ஜாக்கிரதை, மரியாதை விஷயத்துல குறை இல்லை. ரெண்டும் ஒண்ணா இருக்க முடியும்னு கோர்ட்டே காட்டிடுச்சு.

அப்ப மாமாவும் இதைக் காட்டிட்டுப் போயிடலாமேன்னு நினைப்பீங்க. நானும் நினைச்சேன். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 20-ஆம் பிரிவு தெளிவாச் சொல்லுது, வேலையில இருக்கும்போது ஊனம் வந்தவரை வேலைய விட்டு எடுக்கவோ ரேங்கைக் குறைக்கவோ கூடாது. 1995-ல வந்த பழைய சட்டத்துலயும் 47-ஆம் பிரிவா இது இருந்தது. ஆனா அதுலேர்ந்து முப்படைகளோட போர்ப்பணி ஆட்களுக்கு 2002-ல விலக்கு, புதுச் சட்டத்துல 2021 ஆகஸ்ட்ல மறுபடி விலக்கு. ஆபீஸ்ல ஃபைல் தள்ற குமாஸ்தாவுக்கு இருக்கிற பாதுகாப்பு எல்லையில நின்னவருக்கு இல்லை. சேர்க்கும்போது உடல்தகுதி கேட்கறது சரி. சேர்ந்து, அடிபட்டு, நோய்ப்பட்டு நிக்கறவருக்கும் அதே விலக்கைக் காட்டறது என்ன நியாயம்? என்னைக் கேட்டா, ரேங்கைக் குறைக்கக் கூடாதுங்கற அந்த ஒரு வரியையாவது படைகளுக்கும் பொருந்த வைக்கணும்.

வெளிநாட்டுல எல்லாம் சொர்க்கம்னு சொல்ல மாட்டேன். பிரிட்டன்ல ஹாரி ஃபார்னு ஒரு சிப்பாய். முதல் உலகப் போர்ல 1915-ல குண்டுச் சத்த அதிர்ச்சின்னு அஞ்சு மாசம் ஆஸ்பத்திரியில இருந்தவர். மறுபடி முன்னணிக்கு அனுப்பினாங்க, போக மாட்டேன்னு நின்னார், கோழைத்தனம்னு சொல்லி 1916 அக்டோபர்ல சொந்தப் படையே சுட்டுக் கொன்னது. விசாரணை சுமார் இருபது நிமிஷம், அவருக்காகப் பேச ஆள் இல்லை. பொண்டாட்டிக்கு பென்ஷனை நிறுத்தினாங்க. மகள் விடாம போராடி, 2006-ல பிரிட்டன் நாடாளுமன்றம் அப்படிக் கொல்லப்பட்ட 306 பேருக்கு மன்னிப்புன்னு சட்டம் போட்டப்ப அந்தம்மாவுக்கு வயசு 93. அந்தச் சட்டத்துலயே எழுதியிருக்கு, இதனால நஷ்டஈடு எதுவும் கிடையாது, பழைய தீர்ப்பும் ரத்தாகாதுன்னு. ஒரு பென்னி கிடைக்காதுன்னு தெரிஞ்சேதான் போராடினாங்க. மாமாகிட்ட இந்தக் கதையைச் சொன்னப்ப ரொம்ப நேரம் போன்ல சத்தமே இல்லை.

இங்க அமெரிக்காவுல 2014-ல பாதுகாப்பு அமைச்சர் ஹேகல் ஒரு சுற்றறிக்கை விட்டார். வியட்நாம் காலத்துலேர்ந்து கெட்ட பேரோட வெளிய அனுப்பப்பட்டவங்க, எனக்கு அப்ப பிடிஎஸ்டி இருந்ததுன்னு மனு போட்டா, தாராள மனசோட பாருங்கன்னு. 2017-ல அதை மத்த மனநோய்களுக்கும் விரிச்சாங்க. அந்தக் காலத்துல அந்த நோய்க்குப் பேரே இல்லை, அதனால அப்ப எழுதின பேப்பர்ல அது இல்லைன்னு சொல்லித் தள்ளாதீங்கங்கறதுதான் சாரம். படைகளோட ஆவணத்தைத் திருத்தறதுக்குன்னே இங்க போர்டு இருக்கு. நம்ம நாட்டுல அப்படி ஒண்ணு வந்தா, மாமா மாதிரி ஆளுங்க தீர்ப்பாயத்துக்கும் வக்கீலுக்கும் அலைய வேண்டாம்.

இப்போதைக்கு இருக்கிறது ஆயுதப்படைத் தீர்ப்பாயம்தான். 2007-ல சட்டம், 2009-லேர்ந்து வேலை செய்யுது. கேரளத்துக்குக் கொச்சி பெஞ்ச், நம்ம தமிழ்நாட்டுக்குச் சென்னை. கோர்ட் மார்ஷல் தண்டனையைக்கூட மாத்தற அதிகாரம் அதுக்கு உண்டு. ஆறு மாசத்துக்குள்ள போகணும், லேட்டானா காரணம் சொல்லி மன்னிக்கச் சொல்லணும். மனநோய்ல இருந்தவர் ஆறு மாசத்துக்குள்ள ஏன் வரலைன்னு கேட்கறதே ஒரு வேடிக்கை. வீட்டுல இப்படி யாராவது இருந்தா ஒண்ணு மட்டும் செய்யுங்க. சர்வீஸ் ரெக்கார்டும் மெடிக்கல் பேப்பரும் கோர்ட் மார்ஷல் நகலும் இப்பவே எழுதிக் கேட்டு வாங்கி வையுங்க. 25 வருஷம் ஆச்சுன்னா ரெக்கார்ட் ஆபீஸ்ல அழிச்சுடுவாங்க. அப்புறம் பேப்பரே இல்லைங்கறதுதான் பதிலா வரும்.

இன்னொரு கஷ்டம் நம்ம பக்கத்துல இருக்கு. திருவனந்தபுரத்துல ஊளம்பாறைன்னா நம்மூர்ல கீழ்ப்பாக்கம்னு சொல்ற மாதிரி. 1870-லேர்ந்து இருக்கிற மனநல மருத்துவமனை, ஊர்ப் பேரே கிண்டல் வார்த்தை ஆயிடுச்சு. மனுவுல நோயைப் பத்தி எழுதணும்னு சொன்னப்ப மகனுக்குத் தயக்கம். "பொண்ணுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கணும்டா, தாத்தாவுக்கு இப்படின்னு பேப்பர்ல இருந்தா?" அவன் பயம் எனக்குப் புரியுது. ஆனா மாமா கணக்கு வேற. 'குடிகாரன், ஓடிப்போனவன்'னு பேப்பர்ல இருக்கிறதை விட 'நோயாளியா இருந்தான்'னு இருக்கிறது மேல்ங்கறார். அவர் சொன்னதுக்கு மகன்கிட்ட இன்னும் பதில் இல்லை.

போன மாசம் புது மனுவை நான்தான் டைப் பண்ணிக் கொடுத்தேன். மாமா கையெழுத்துல பதினொரு பக்கம், நான் நாலாக் குறைச்சேன். ராத்திரி நடந்ததெல்லாம், டாக்டர் குறிப்பு, தேதிகள் எல்லாம் வந்துடுச்சு. கடைசிப் பத்தியில ஒரு வரி எழுதியிருந்தார்: ரேங்க் திரும்பக் கிடைச்சா அதனால வர்ற பாக்கித் தொகை எதுவும் எனக்கு வேண்டாம்னு. அது எதுக்கு மாமா, உங்களுக்கு வர வேண்டியதுதானே, மாமிக்காவது ஆகும், எடுத்துடலாம்னு சொன்னேன். மாமியே பின்னாடிலேர்ந்து, "அது இருக்கட்டும் மக்கா"ன்னாங்க. இருக்கு. ரெஜிஸ்டர் தபால்ல போயாச்சு.